எருமைக்கன்றுத் தோலில் ஆப்பிரிக்கா

திண்டுக்கல்லில் பூட்டைக் குறை சொல்லலாம். பிரியாணியைக்கூடக் கொஞ்சம் தள்ளி நின்று குறை சொல்லலாம். ஜெகபர் அலி பைண்டு செய்த புத்தகத்தை மட்டும் குறை சொல்லக் கூடாது. மதுரையிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் இது தெரியாமல் ஒரு புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து, "முதுகு கொஞ்சம் விறைப்பா இருக்கே" என்று சொல்லிவிட்டார். ஜெகபர் பாய் அவரை உட்கார வைத்து, தோல் என்றால் என்ன, பசை என்றால் என்ன, முதுகு என்றால் என்ன என்று பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரை விளக்கினார். பிறகு தொழுகைக்குக் கதவைப் பூட்டிவிட்டார். பேராசிரியர் எந்தப் புத்தகத்தைத் தேடி வந்தாரோ அதைப் பார்க்காமலே ஊர் போய்ச் சேர்ந்தார்.

அவர் வந்த இடம் பேகம்பூர்ப் பக்கம் ஒரு சந்தில், முன்பு தோல் சேமித்து வைத்த பழைய கிட்டங்கியின் மாடியில் இருக்கிறது. பெயர் கமாலியா நூலகம். புவியியல், நாடு தேடிப்போன பயணங்கள், காலனி ஆட்சியின் வரலாறு, இந்த மூன்றைத் தவிர அங்கே வேறு எதுவும் கிடையாது. சமையல் குறிப்பு கிடையாது, ஜோதிடம் கிடையாது, போட்டித் தேர்வு வழிகாட்டி கிடையாது. ஆகவே கூட்டமும் கிடையாது. நான் பொன்னழகு, தொப்பம்பட்டிக்காரி, திண்டுக்கல்லில் பெண்கள் பள்ளி ஒன்றில் புவியியல் ஆசிரியை. எங்கள் பள்ளியில் புவியியல் அறை என்று ஒன்று உண்டு. அதில் கோ-கோ கம்பங்களையும் கிழிந்த பேனர்களையும் போட்டு வைத்திருக்கிறார்கள். உலக உருண்டை ஒன்று இருந்தது, அதை ஆண்டு விழா நாடகத்தில் சூரியனாகப் பயன்படுத்தி மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டார்கள். அதனால்தான் சனிக்கிழமைகளில் நான் கமாலியாவுக்குப் போக ஆரம்பித்தேன்.

நூலகத்தை உண்டாக்கியவர் கமாலுத்தீன் ராவுத்தர், தோல் பதனிடும் தொழிற்சாலை முதலாளி. அந்தக் காலத்தில் லண்டனுக்குத் தோல் மாதிரிகளோடு போனாராம். வாங்குகிற வெள்ளைக்காரன் இவரை நாள் கணக்கில் காக்க வைத்தான். காத்திருந்த கடுப்பில் தெருவில் நடந்தவர் ஒரு பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்தார். ஆங்கிலம் அவருக்கு விலை பேசும் அளவுக்குத்தான் வரும். ஆனால் ஒரு புத்தகத்தின் அட்டையைத் தடவியதுமே இது ஆவாரம்பட்டையில் பதம் போட்ட நம் பக்கத்து ஆட்டுத்தோல் என்று கண்டுகொண்டார். நம் ஊர் ஆட்டின் தோலை வாங்கிக்கொண்டு போய், நம்மைப் போன்ற ஊர்களைப் பிடித்த கதையை எழுதி, அதற்கே சட்டையாகவும் மாட்டி வைத்திருக்கிறான். ராவுத்தருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கப்பல் கப்பலாகப் போன தோலில் கொஞ்சத்தையாவது திரும்பக் கொண்டுவருவேன் என்று, அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் பெட்டி பெட்டியாக அந்தப் புத்தகங்களை வாங்கி வந்தார். ரோஷத்தில் சேர்ந்த நூலகம் உலகத்தில் வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

புத்தகங்கள் வந்துவிட்டன. பழைய தோல் என்பதால் தொட்டால் செந்தூளாகக் கையில் ஒட்டியது. தோல் வியாபாரி வீட்டில் தோல் உதிர்கிற புத்தகமா? ராவுத்தருக்கு மானம் போயிற்று. அத்தனை அட்டைகளையும் உரித்துவிட்டு, துணி அட்டை, தங்கப் படம் போட்ட அட்டை என்று எதையும் விடாமல் உரித்துவிட்டு, தன் தொழிற்சாலைத் தோலில் புதிதாகப் பைண்டு செய்யச் சொன்னார். அந்த வேலைக்குத்தான் ஜெகபர் அலியைத் தேர்ந்தெடுத்தார். அப்போது ஜெகபர் அலி தொழிற்சாலையில் தோலை மெருகு போடுகிற இளவட்டம். பைண்டிங் கற்றுக்கொண்டு வா என்று முதலாளி அவரை மதுரையில் ஓர் அச்சகத்துக்கு அனுப்பினார். போன வேகத்தில் திரும்பி வந்த ஜெகபர் அலி, அங்கே கற்றுக்கொள்ள இனி ஒன்றும் இல்லை என்று சொன்னாராம். அச்சகத்துக்காரர் என்ன சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது.

ஆனால் வேலையைச் செய்தார். வாலிபம் முழுக்க அதைத்தான் செய்தார். இப்போது நூலகத்தில் இருக்கிற எல்லாப் புத்தகங்களுமே அவர் கையால் தோல் போர்த்தவை. தோல் முதல் தரம், தையல் முதல் தரம், எதன் முதுகிலும் தலைப்பு மட்டும் கிடையாது. நல்ல தோலில் எழுத்தைப் பொறித்தால் அது வடுவாகிவிடும் என்பது ராவுத்தர் கட்சி. பிறகு எந்தப் புத்தகம் எது என்று எப்படித் தெரியும்? அதற்கு ஜெகபர் பாய் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். நான் முதன்முதலாகப் போன அன்று அதை எனக்கு விளக்கினார்.

"ஆப்பிரிக்கான்னா எருமைக்கன்றுத் தோலு டீச்சர். வெயில் தாங்கணும்ல? வடதுருவம்னா படிகாரம் போட்டு வெள்ளையாப் பதப்படுத்துன தோலு, பனி. ஆசியாவுக்கு ஆட்டுத்தோலு, நம்ம ஆவாரம்பட்டை. அமெரிக்காவுக்குச் செம்மறி."

"ஆஸ்திரேலியாவுக்குங்க?"

"மாட்டுத்தோலு. அதைக் கடைசியாத்தானே கண்டுபிடிச்சாய்ங்க. அது வாரப்ப எங்கிட்ட மிச்சம் இருந்தது அம்புட்டுத்தேன்."

ஒரு மூலையில் மட்டும் துண்டு துண்டாகத் தோலை ஒட்டிப் போட்ட அட்டைகள் வரிசையாக நின்றன. அதுதான் காலனி ஆட்சி வரலாறு. மற்றதற்கெல்லாம் முழுத் தோல், இதற்கு மட்டும் ஏன் ஒட்டுத்தோல் என்று கேட்டேன்.

"அடுத்தவன் வீட்டுக்குள்ள பூந்து அடிச்ச கதைக்கு எதுக்கு டீச்சர் நல்ல தோலு?" என்றார்.

நான் கல்லூரியில் இரண்டு வருடம் காலனி வரலாறு படித்தவள். அதில் இவ்வளவு சுருக்கமான விமரிசனத்தை எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. அதற்காக ஜெகபர் பாயைப் பெரிய மேதை என்று நினைத்துவிட வேண்டாம். நைல் நதி தென் அமெரிக்காவில் ஓடுகிறது என்று அவர் ஒருமுறை என்னிடம் அடித்துப் பேசினார். படம் காட்டியும் ஒத்துக்கொள்ளவில்லை. படத்தில்தான் தப்பு என்றார்.

நூலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நிலத் தகராறுக்காரர்கள். வெள்ளைக்காரன் காலத்து மேப் அங்கே இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நெய்க்காரப்பட்டியிலிருந்து காத்தமுத்து என்று ஒரு விவசாயி, தென்னந்தோப்பின் வரப்பைப் பங்காளி நகர்த்திவிட்டான் என்று பஸ் ஏறி வந்தார். ஜெகபர் பாய் அவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், காங்கோ ஆற்றின் வரைபடத்தை விரித்துக் காட்டினார். காத்தமுத்து அதை வெகு நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இவங்களுக்குள்ளயும் பங்காளிச் சண்டைதானுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று ஜெகபர் பாய் சொன்னதும் ஆறுதலாக எழுந்து போனார்.

ராவுத்தர் மவுத்தாகிப் பல வருடம் ஆகிறது. தொழிற்சாலையும் மூடியாயிற்று. இப்போது எல்லாம் பேரன் முகமது ரஃபீக் கையில். கீழே கிட்டங்கி இருந்த இடத்தில் அவருடைய பிரியாணி ஓட்டல். தாத்தா தோலை விற்றார், பேரன் கறியை விற்கிறார். ஆட்டுக்குத்தான் அந்தக் குடும்பத்தில் ஓய்வே இல்லை. ரஃபீக்கைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மாடிக்கு மின்கட்டணம் கட்டினார், ஜெகபர் பாய்க்குச் சம்பளம் தந்தார், தாத்தாவின் நினைவு நாளில் நூலகத்தில் சொற்பொழிவு வைத்து, கேட்டவர்களுக்குச் சீரகச் சம்பா பிரியாணி போட்டார். சொற்பொழிவு முடிகிற நேரத்தைச் சரியாகக் கணக்குப் போட்டு வருகிறவர்கள் எங்கள் ஊரில் அதிகம் என்று தெரிந்ததும், பேச்சாளர் மைக்கைப் பிடித்த உடனே வாசல் கதவைச் சாத்தச் சொன்னார். வியாபாரி என்றால் இது கூடவா தெரியாது?

ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை குடும்பங்கள் தெருவில் வரிசையில் நின்றன. மேலே மாடியில் குளிர்ந்த இருட்டில் எருமைக்கன்றுத் தோலில் ஆப்பிரிக்கா தூங்கிக்கொண்டிருந்தது. எந்த வியாபாரிக்கும் இதைப் பார்த்தால் வயிறு எரியும். ஆனால் தாத்தா எழுதி வைத்த பத்திரத்தில் ஒரு முடிச்சு இருந்தது. புத்தகங்கள் இருக்கும்வரை மாடி நூலகம்தான். விற்பதென்றால், பிரிக்காமல் மொத்தமாக வைத்துக் காப்பாற்றுகிற ஒருவருக்கே விற்க வேண்டும். எடைக்குப் போட்டால் ஜமாத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ரஃபீக் பொறுமையாகத் தேடி, லண்டனில் ஒரு பழம்புத்தக வியாபாரியைப் பிடித்தார். முதல் பக்கங்களையும் வரைபடங்களையும் போனில் படம் எடுத்து அனுப்பினார். லண்டன்காரருக்கு எச்சில் ஊறிவிட்டது. மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், நேரில் பார்க்க ஆள் அனுப்புகிறேன் என்று பதில் வந்தது. அட்டையை யாரும் படம் எடுக்கவில்லை. ஒரே மாதிரி இருக்கிற தோலை என்னவென்று படம் எடுப்பது?

விற்றால் மாடி காலி. மாடி காலியானால் ஜெகபர் பாயும் காலி. ரஃபீக் அதற்கும் வழி சொன்னார்.

"மாமு, நீங்க கவலைப்படாதீங்க. கீழ டோக்கன் குடுக்குற சீட்டு உங்களுக்குத்தான். ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கலாம்."

"டோக்கனா?" என்றார் ஜெகபர் பாய். அன்று மாலை வரை அலமாரிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. எனக்கும் வேறு போக்கிடம் ஏது? திரும்பவும் கோ-கோ கம்பங்களோடுதான் உட்கார வேண்டும்.

இந்த இடத்தில், எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். போன பக்ரீதுக்கு ஜெகபர் பாய் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தேன். அவர் மனைவி உம்மு சல்மா அக்கா அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிக் கொண்டுவந்து, தரையில் கிடந்த ஓர் அட்டை மேல் வைத்தார். அட்டையின் ஓரத்தில் ஏதோ மின்னியது. குனிந்து பார்த்தால், பச்சைத் துணியில் தங்க நிறத்தில் ஒரு பாய்மரக் கப்பல். கப்பலின் நடுவில் பல வருடத்துச் சட்டிச்சூட்டில் கரிந்த வட்டம்.

"அக்கா, இது என்னங்க?"

"அதுவா? இவுக கொண்டாந்த குப்பை. உரிச்ச அட்டையை எல்லாம் ஃபாக்டரியில தோலை ஊறப்போடுற சுண்ணாம்புக் குழியில போடுன்னு பெரிய முதலாளி சொன்னாக. இவுகளுக்குத் தோலுன்னா ஒரு துண்டு தூரப் போட மனசு வருமா? அம்புட்டையும் சைக்கிள்ல வச்சு வீட்டுக்குக் கொண்டாந்துட்டாக. வைக்க எடம் ஏது? இந்தா பாருங்க." மெத்தையின் ஒரு முனையைத் தூக்கிக் காட்டினார்.

கட்டில் பலகையே கண்ணுக்குத் தெரியவில்லை. அடுக்கடுக்காக அட்டைகள் கிடந்தன. ஒட்டகங்கள், பனிமலைகள், யானை மேல் ஏறிய துரைகள், எல்லாம் தங்க நிறத்தில். கல்யாணம் ஆன நாளிலிருந்து கணவனும் மனைவியும் அதன் மேல்தான் படுத்து எழுகிறார்கள்.

"ஒரு பக்கம் ஒசரம், ஒரு பக்கம் பள்ளம். எனக்கு இடுப்பு போனதே இதுலதேன். என்னைக்காச்சும் இதைத் தீ வச்சுட்டுத்தான் மவுத்தாவேன்" என்றார் அக்கா. ஜெகபர் பாய் எதுவும் காதில் விழாததுபோல எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்துவிட்டுச் சாப்பிட்டு வந்துவிட்டேன். பழைய அட்டைக்கு என்ன மதிப்பு இருக்கப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

லண்டன்காரருடைய ஆளாகச் சென்னையிலிருந்து வந்தவர் அமலராணி என்ற அம்மாள். பழம்புத்தகங்களை மதிப்பிடுவதில் பெயர் பெற்றவராம். ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியவரை ரஃபீக் காரில் அழைத்து வந்து, மாடி ஏறுவதற்கு முன்பே பிரியாணி சாப்பிட வைத்துவிட்டார். அன்று சனிக்கிழமை. நான் என் மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஜெகபர் பாய் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, பெண் பார்க்க வருகிறவர்களை வரவேற்கிற அப்பாவாக நின்றுகொண்டிருந்தார். விற்கப்போகிறார்கள் என்ற துக்கம் ஒரு பக்கம் இருந்தாலும், தன் வேலையை லண்டன் பார்க்கப்போகிறது என்ற பெருமை அவரை விடவில்லை.

அமலராணி அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தார். ஒரு புத்தகத்தை எடுத்தார், திறந்தார், மூடினார். இன்னொன்றை எடுத்தார். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று.

"எல்லாமே இப்படித்தானா?" என்று ரஃபீக்கிடம் கேட்டார்.

"எல்லாமே ஃபர்ஸ்ட் கிளாஸ் தோல் மேடம். எங்க தாத்தா ஃபாக்டரி."

"ஐயோ சார்" என்று அமலராணி நாற்காலியில் உட்கார்ந்தார். "இந்த மாதிரிப் புத்தகத்துக்குப் பாதி மதிப்பு பழைய அட்டையிலதான் இருக்கு. அந்தக் காலத்து அட்டை, அந்தக் காலத்துப் படம். அதை உரிச்சுட்டா வாங்குறவங்க தொடவே மாட்டாங்க. இதோ இந்தத் தொகுதி மட்டும் பழைய அட்டையோட இருந்திருந்தா நீங்க இந்தத் தெருவுலயே இன்னொரு ஓட்டல் கட்டியிருக்கலாம். எந்த முட்டாள் சார் இந்த வேலையைச் செஞ்சது?"

நான் ஜெகபர் பாயைப் பார்த்தேன். முதுகு விறைப்பு என்றதற்கே பேராசிரியரைப் பாங்கு வரைக்கும் பிடித்து வைத்தவர். இப்போது முட்டாள் என்றாயிற்று. இந்த அம்மாள் இன்று ரயிலைப் பிடிக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெகபர் பாய் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார்.

"பழைய அட்டைகள் தனியாவாவது எங்கேயாவது கிடக்குதா?" என்று அமலராணி கேட்டார். "கிடந்தா ஒண்ணும் கெட்டுப்போகல. புத்தகத்தோட சேர்த்து அனுப்பிடலாம். இந்தத் தோலை எடுத்துட்டு அவங்களே திருப்பி மாட்டிக்குவாங்க. விலை அப்படியே நிக்கும்."

ரஃபீக் சடாரென்று திரும்பினார். "மாமு, அந்த அட்டையெல்லாம் என்னாச்சு?"

வீட்டில் மெத்தைக்கு அடியில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முட்டாள் என்ற பட்டம் போய், காப்பாற்றி வைத்த புண்ணியவான் ஆகிவிடலாம். ரஃபீக் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார். அந்த வார்த்தை அவர் நாக்கு நுனியில் நிற்பதை நான் பார்த்தேன்.

"நான்தான் மேடம் பைண்டு போட்டது" என்றார் ஜெகபர் பாய். "பழைய அட்டையா? அம்புட்டையும் சுண்ணாம்புக் குழியில போட்டுட்டேன்."

ரஃபீக் அதற்குமேல் பேசியதை எழுத வேண்டாம். மாமு என்ற மரியாதையை மட்டும் விடாமல், மற்ற எல்லாவற்றையும் சொன்னார். ஜெகபர் பாய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அமலராணிக்கே ஒரு மாதிரி ஆகி, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. நூலகத்தைக் காப்பாற்ற ஒரு மனிதன் தன் பெயரைத் தானே தூக்கிச் சுண்ணாம்புக் குழியில் போடுவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடவே வீட்டுக்குப் போனேன். நடந்ததை உம்மு சல்மா அக்காவிடம் நான் சொல்லி முடிக்கும்போதே வாசலில் ரஃபீக்கின் குரல் கேட்டது. வியாபாரி மனசு கேட்கவில்லை. மாமு தோலைத் தூரப் போடுகிற ஆளே கிடையாதே என்று அவருக்குப் பாதி வழியில் உறைத்திருக்கிறது.

"மாமி, வீட்டுல பழைய அட்டை எதுவும் கிடக்கா? ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்" என்று செருப்பைக் கழற்றினார்.

அக்கா என்னைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். பல வருடமாகத் தீ வைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த அம்மாள், நேராகப் போய்க் கட்டிலின் நடுவில் உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"பாரு தம்பி, நல்லாப் பாரு. பரணுல பாரு, பீரோவுல பாரு. எனக்குத்தேன் இடுப்பு புடிச்சுக்கிச்சு, எந்திரிக்க ஏலல. செத்த நேரம் இப்படி உக்காந்திருந்தாத்தேன் தேவலை."

தரையில் சட்டிக்கு அடியில் கப்பல் கிடந்தது. நான் சட்டியை நகர்த்தி, அட்டை மேல் என் கைப்பையை வைத்து, போதாதென்று முந்தானையையும் பரப்பி உட்கார்ந்துகொண்டேன். பிள்ளைகளுக்கு உண்மையே பேச வேண்டும் என்று வகுப்பெடுக்கிறவள் நான். ரஃபீக் பரணில் ஏறினார், பீரோவைத் திறந்தார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கே வெங்காயக் கூடைதான் இருந்தது. மாமி என்று கூப்பிடுகிறவரிடம், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, எழுந்திருங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தும்மிக்கொண்டே வெளியே போனார்.

அவர் போன பிறகு எனக்கு மனசு நிறைந்திருந்தது. "ஏனுங்க பாய், லைப்ரரிக்காக இம்புட்டுப் பழியையும் நீங்களே தாங்கிப்போட்டீங்களே. உங்களை மாதிரி யாருங்க வருவாங்க?" என்றேன்.

ஜெகபர் பாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"லைப்ரரியா? நீங்க வேற டீச்சர். அந்தம்மா சொன்னதைக் கேட்டீங்கல்ல? அட்டையைக் குடுத்தா, நான் போட்ட தோலை எல்லாம் உரிச்சுட்டு அந்தப் பொடி உதிர்ற குப்பையைத் திருப்பி மாட்டுவாய்ங்களாம். என் எருமைக்கன்றை உரிப்பாய்ங்களாம்! என் பொணத்து மேலதேன் அது நடக்கும்."

"அப்ப லைப்ரரிங்க?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். அதை யாரு வேணாம்னா?"

எனக்கு வந்த கோபத்தில் என் கண்ணீரைத் திரும்பக் கேட்டிருப்பேன். உம்மு சல்மா அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடியே வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, எழுந்திருக்க ஒரு கை கொடுங்கள் என்றார். இடுப்பு நிஜமாகவே பிடித்துக்கொண்டிருந்தது.

லண்டன்காரர் கை கழுவிவிட்டார். மாடி நூலகமாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் குடும்பங்கள் இன்றும் தெருவில்தான் நிற்கின்றன. ரஃபீக் ஆத்திரம் தீராமல் அமலராணியிடமிருந்து ஓர் அறிக்கை கேட்டு வாங்கி, தமிழில் எழுதச் சொல்லி, பிரேம் போட்டு நூலக வாசலில் மாட்டிவிட்டார். அரிய நூல்களாகிய இவை தகுதியற்ற ஒருவரின் கைவேலையால் மதிப்பிழந்தன என்று அதில் இருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் ஜெகபர் பாயின் நாற்காலி. டீக்கடையில் அவரைச் சுண்ணாம்புக் குழி என்றே கூப்பிடுகிறார்கள். அவமானத்தில் ஆள் வெளியே வர மாட்டார் என்று ரஃபீக் கணக்குப் போட்டார். பிரியாணிக் கணக்கு அவருக்குத் தப்பியதே இல்லை. இது தப்பிவிட்டது.

ஏனென்றால், தகுதியற்ற கை எப்படி இருக்கும் என்று பார்க்கவே இப்போது ஆட்கள் படியேறி வருகிறார்கள். போன சனிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து கணவனும் மனைவியுமாக இருவர் வந்தார்கள். கீழே சாப்பிட்டுவிட்டு, கை ஈரத்தைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே மேலே வந்தவர்கள். பிரேமில் இருந்ததை நின்று முழுவதும் படித்தார்கள். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, "யாருங்க அந்த ஆளு?" என்று கேட்டார்.

ஜெகபர் பாய் நாற்காலியை விட்டு எழுந்தார். அலமாரியிலிருந்து ஆப்பிரிக்காவில் ஒன்றை எடுத்துச் சட்டைக் கையால் ஒருமுறை துடைத்து, அந்தப் பெண்ணின் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"நான்தான்மா" என்றார். "தடவிப் பாருங்க."